பயிலரங்கில் கற்றதை எங்கே எழுதுவது?

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்றவர்கள் தம் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பயிலரங்கில் அமர்ந்தால் புள்ளி கிடைக்கும். அங்கே கற்றது பணியிடத்தில் ஒருநாளேனும் பயன்பட்டதா என்று கேட்பார் எவருமில்லை.

வட இந்திய நகரமொன்றின் மறுவாழ்வு மையத்தில் ஆய்வின்பொருட்டுச் சில வாரங்கள் இருந்தேன். பன்மொழி நோயாளிகளைச் சோதிப்பது குறித்த மூன்று நாள் பயிலரங்கை முடித்துவிட்டு அங்குள்ள பேச்சுச் சிகிச்சையாளர் உற்சாகத்தோடு திரும்பியிருந்தார். அவரிடம் வந்த ஒருவருக்குப் பக்கவாதத்தால் பேச்சு குலைந்திருந்தது. தாய்மொழி மைதிலி. சோதனைப் படிவமோ இந்தியில் மட்டும்.

'ராம் ரொட்டி தின்றான்' என்பதை இந்தியில் 'ராம் நே ரோட்டீ காயீ' என்பார்கள். எழுவாயோடு 'நே' சேரும். வினை ரொட்டியின் பெண்பாலைப் பின்பற்றும். மைதிலியில் இந்த 'நே' இல்லை. வினை எழுவாயையே பின்பற்றும். அவர் 'நே' இல்லாமல், வினையை ராமுக்கு இசைத்துச் சொன்னார். அத்தகைய ஐந்து வாக்கியங்களும் இலக்கணச் சிதைவாகக் கணக்கிடப்பட்டன. அருகிலிருந்த மனைவி சொன்னார்: "இவர் இந்தி எப்போதும் இப்படித்தான் பேசுவார்."

நோய்க்கு முந்தைய பேச்சைக் குடும்பத்தாரிடம் கேட்டறிய வேண்டும் என்பதுதான் அந்தப் பயிலரங்கின் முதற்பாடம். கேட்க அரைமணி நேரம் வேண்டினார் சிகிச்சையாளர். மேலதிகாரி மறுத்தார். வரிசை நீள்கிறதாம், படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லையாம். வரிசை உண்மையிலேயே நீண்டிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அப்படியானால் அவரை எதற்குப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள்?

'எவ்வளவு பயிற்றுவித்தாலும் இவர்கள் பழைய வழிக்கே போய்விடுகிறார்கள்' என்று கருத்தரங்குகளில் அலுத்துக்கொள்வோரைக் கண்டிருக்கிறேன். போவதற்குப் பழைய வழி ஒன்றைத்தானே திறந்து வைத்திருக்கிறீர்கள்! மொழியியலாளர்களாகிய நாமும் யோக்கியர்களல்லர். மூன்று நாளும் வாக்கிய மரங்களை வரைந்து காட்டுகிறோம். மறுநாள் காலை மேசையில் வைத்துக்கொள்ள ஒரு பக்க வினாநிரலைக்கூடத் தருவதில்லை.

2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தம் மைதிலியை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. படிவத்தில் சேர்க்க அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. 'வீட்டு மொழி', 'முன்பு எப்படிப் பேசினார்' என இரண்டு வரி போதும். பயிற்சிக்குப் பின் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் அதைப் பயன்படுத்தி எழுதும் நோயாளிக் குறிப்புக்குப் புள்ளி கொடுங்கள்.

அந்தச் சிகிச்சையாளர் அடுத்த மாதம் இன்னொரு பயிலரங்கிற்குச் செல்கிறார். புள்ளிகள் குறைகின்றனவாம்.