முட்டையிடுமுன் மடியும் மீன்கள்

மழைக்காலத்தில் பவனை ஆறு கரைபுரண்டு ஓடுவதைப் பிம்ப்ரியில் வாழும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்நீர் தாபோடியில் முளை ஆற்றுடன் கலந்து, பின்னர் முட்டையாற்றையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே செல்கிறது. அந்த முளா-முட்டையாற்றில் வாழ்ந்த மகசீர் என்னும் பெருங்கெண்டையைக் கர்னல் சைக்ஸ் என்பார் 1839 ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகிற்கு அறிமுகப்படுத்தினார். புதுவெள்ளம் வந்ததும் அம்மீன் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடும். கடலிலிருந்து ஆறேறும் சால்மன் மீனும் அவ்வாறே செய்யும். ஆனால் பசிபிக் சால்மன் வாழ்நாளில் ஒரேமுறை முட்டையிட்டு மடிவது. மகசீரோ பல ஆண்டுகள் முட்டையிட வல்லது.

முட்டையிட்டபின் மடிவது சால்மனுக்கு இயற்கை. முட்டையிடுமுன்னரே மடிந்தால்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரைச் சூழ்ந்த ஓடைகளில் இந்த விபரீதம் பல்லாண்டுகள் நிகழ்ந்தது. இலையுதிர்கால மழை பெய்ததும் கோஹோ என்னும் சால்மன் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தத்தளித்து, நிலை தடுமாறிச் சில மணி நேரத்தில் மாண்டன.

ஆராய்ச்சியாளர்கள் ஓடைகளில் இறங்கி நடந்து, இறந்த மீன்களை எண்ணினர்; பெண்மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தனர். முட்டைகள் வெளிப்படாமல் அப்படியே இருந்தன. நோயா, வெப்பமா, பூச்சிமருந்தா என ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினர். பிறகு நெடுஞ்சாலையில் வழிந்த மழைநீரைத் தொட்டியில் நிரப்பி, அதில் மீன்களை விட்டனர். கோஹோ மடிந்தது, அதே நீரில் சம் என்னும் மற்றோரினச் சால்மன் பிழைத்தது. மணலும் மக்கிய உரமும் கலந்த படுகையில் வடிகட்டிய நீரிலோ, கோஹோவும் பிழைத்தது!

விஷம் சாலையில் உள்ளது என்பது தெளிவாயிற்று. டயர்த் தூளை ஊறவைத்த நீரிலிருந்த ஆயிரக்கணக்கான ரசாயனங்களைப் படிப்படியாகப் பிரித்து, இறுதியில் ஒன்றைக் கண்டனர். ஓசோன் வாயுவினால் ரப்பர் வெடிக்காதிருக்க டயரில் 6பிபிடி என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. அதுவே ஓசோனுடன் கலந்து வேறொரு பொருளாக மாறி, கோஹோவுக்கு நஞ்சாகிறது. இம்முடிவு 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு அளவே இளங்கோஹோக்களில் பாதியைக் கொல்லப் போதுமாம். டயர் உற்பத்தியாளர்கள் மாற்றுப் பொருளை ஆராய வேண்டுமெனக் கலிபோர்னியா அரசு 2023 இல் விதித்தது.

நம்மவரில் பலருக்கு உணவளிப்பது இவ்வூரின் மோட்டார்த் தொழிலே. ஆகவே நாம் சக்கரத்தைப் பழிக்கவில்லை. நம் ஆறுகளில் மீன் சாவதற்கும் டயரே காரணமென்று கூறவும் இல்லை. இங்குச் சாக்கடையும் ஆலைக்கழிவும் நீரின் உயிர்வளியைக் குடித்துவிடுகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2018 ஆம் ஆண்டுப் பட்டியலில் பவனையும் மாசுற்ற ஆறாக இடம்பெற்றது. லோணாவளாவை அடுத்த வால்வணில் டாட்டா மின்சார நிறுவனம் 1970களிலிருந்து மகசீர் குஞ்சுகளை வளர்த்து வருகிறது. எனினும், குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட நல்ல ஆறு வேண்டாமா?

ஊருக்கு உழைக்க வந்த நாம், ஊரின் ஆற்றுக்கும் கடமைப்பட்டவர்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதிருப்போம். வீட்டைச் சுற்றிச் சிறிது மண்ணைச் சிமெண்டிடாமல் விடுவோம். மழைநீரை வடிகட்டும் வேலையை அது செய்யும். ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால், முகம் சுளித்து நடவாமல், நாளையும் இடத்தையும் குறித்து மாநகராட்சிக்கு எழுதுவோம். சியாட்டில் ஆராய்ச்சியும் இறந்த மீனை எண்ணியதில்தான் தொடங்கியது.