மணிக்கல் வாங்குவோர் கவனத்திற்கு: கல்லின் விலையைப் பார்க்கும் நாம் அது வரும் வழியைப் பார்க்கிறோமா?



புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் மணிக்கல்லுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. மகளின் திருமணத்திற்கு மாணிக்கம், மகனின் பட்டமளிப்புக்கு நீலக்கல் மோதிரம், பாட்டியின் விருப்பத்திற்காக ஒரு நவரத்தின மாலை என்று தேவைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலையிலும், ஹூஸ்டனின் ஹில்குரோப்ட் பகுதியிலும் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. எனினும் இரத்தினபுரி, பேருவளை, ஜெய்ப்பூர், காங்கேயம் போன்ற இடங்களிலிருந்து நேரடியாக வாங்கினால் விலை குறையும், தெரிவும் கூடும் என்பதால், இணையவழியாகவோ உறவினர் வழியாகவோ கல்லை வரவழைக்கும் பழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது.

கல்லின் நிறம், எடை, வெட்டு, சான்றிதழ் ஆகியவற்றை வாரக்கணக்கில் ஆராயும் நாம், அதனை எவ்வழியில் அனுப்பச் செய்வது என்ற முடிவை மட்டும் கடைசி ஒரு நிமிடத்தில் எடுக்கின்றோம். பெரும்பாலும் அந்த முடிவு “எது மலிவு?” என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. அத்துடன் “பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுவிடுங்கள்” என்ற வேண்டுகோளும் சேர்ந்துகொள்கிறது. இவை இரண்டும் தவறானவை, நமக்கே தீங்கு தருபவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹோப் வைரம் சொல்லும் கணக்கு

1958ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், நியூயார்க் நகரின் புகழ்பெற்ற நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், 45.52 கேரட் எடையுள்ள ஹோப் வைரத்தை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு நன்கொடையாக அனுப்பினார். ஆயுதக் காவலர் எவருமில்லை. பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பெட்டியாகப் பதிவு அஞ்சலில்தான் அது சென்றது. நவம்பர் 10ஆம் நாள் நலமாகச் சேர்ந்தது.

அவர் செலுத்திய மொத்தத் தொகை 145 டாலர் 29 செண்ட். அதில் அஞ்சல் கட்டணம் வெறும் 2 டாலர் 44 செண்ட். மீதமிருந்த தொகை முழுவதும் ஏறத்தாழ பத்து இலட்சம் டாலருக்கான காப்பீட்டைச் சார்ந்தது. அதாவது, செலவழித்ததில் நூற்றுக்கு 98 பங்கு பாதுகாப்புக்கே சென்றது. வின்ஸ்டன் தம் வாழ்நாள் முழுவதும் இவ்வணிகத்தில் இருந்தவர். அவர் பொதியைச் சுமந்து செல்வதற்குச் சிறு தொகையும், அதன் மதிப்பைக் காப்பதற்குப் பெருந்தொகையும் கொடுத்தார். நாம் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம். விரைவாக வரவேண்டும் என்று கட்டணத்தைக் கூட்டுகின்றோம். காப்பீடு என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடுகின்றோம்.

ஆனால் ஒன்றை மறவாதீர். அந்த வைரம் சென்றது ஒரே நாட்டுக்குள். அமெரிக்க அஞ்சல் துறையின் உள்நாட்டுப் பதிவு அஞ்சலில் பொதி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையொப்பம் பெறப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பதிவு அஞ்சல் இரண்டு நாடுகளின் அஞ்சல் துறைகளைக் கடந்து வருவது. உள்நாட்டில் கிடைக்கும் அதே கட்டுக்காவலை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. பொதி தொலைந்தால் இழப்பீடு கோர வேண்டியவர் அனுப்பியவரே. அவர் தம் நாட்டு அஞ்சல் துறையிடம்தான் முறையிட வேண்டும். ஆகவே விற்பவர் நேர்மையானவராகவும், நமக்காக அலைவதற்கு மனமுள்ளவராகவும் இருந்தாலொழிய நம் கையில் எந்தப் பிடியும் இல்லை. பதிவோ காப்பீடோ இல்லாத சாதாரணக் கடித உறையில் கல்லை அனுப்பும் விற்பனையாளரை அன்றே விட்டு விலகுவது நல்லது.

கேரட்டில் வாங்குகிறோம், கிலோவில் இழக்கிறோம்

தனியார் கூரியரில் அனுப்பினால் கவலையில்லை என்று கருதுவோர் பலர். அவர்கள் அறிய வேண்டிய ஓர் ஒப்பந்தம் உண்டு. பன்னாட்டு வான்வழிப் போக்குவரத்திற்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் அமெரிக்கா, இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் இணைந்துள்ளன. அதன்படி, சரக்கு தொலைந்தாலோ சேதமடைந்தாலோ வான்வழி நிறுவனம் தரவேண்டிய இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உள்ளது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு கிலோ ஒன்றுக்கு 26 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். டாலரில் சொன்னால் நாற்பதுக்கும் குறைவு.

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். இரண்டாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய இரண்டு கேரட் நீலக்கல் அரை கிராம் எடைகூட இராது. பெட்டி, பஞ்சு, உறை எல்லாம் சேர்த்து 200 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், மதிப்பை அறிவிக்காமல் அனுப்பிய அப்பொதி தொலைந்தால் இவ்வரம்பின்படி கிடைப்பது எட்டு டாலருக்கும் குறைவே! பொறியியல் படித்த நமக்கு இந்தப் பெருக்கல் கணக்கு கடினமன்று. ஆனால் பணம் செலுத்தும் பக்கத்தில் எவரும் இதனைச் செய்து பார்ப்பதில்லை.

இவ்வரம்பைத் தாண்டிச் செல்ல அவ்வுடன்படிக்கையே ஒரு வழியைத் தருகிறது. பொதியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்திவிட்டால் இழப்பீட்டு வரம்பு உயரும். ஆயினும் இங்கும் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, அறிவித்த மதிப்பு என்பது காப்பீடு அன்று. அது நிறுவனம் ஏற்கும் பொறுப்பின் உச்சவரம்பு மட்டுமே. இரண்டாவது, கூரியர் நிறுவனங்கள் நகைக்கும் தளர் கற்களுக்கும் தனி வரம்புகளையும் விலக்குகளையும் தம் விதிமுறைகளில் எழுதி வைத்துள்ளன. ஏற்றுக்கொள்ளாத பொருளை ஏற்றுக்கொண்ட பொருள்போல எழுதி அனுப்பினால், அறிவித்த மதிப்பும் பயனற்றுப் போகும். எனவே விற்பவரிடம், “உங்கள் வணிகத்திற்கு நகை வியாபாரிகளுக்குரிய முழுக் காப்பீடு உள்ளதா? இந்தப் பொதி அதில் அடங்குமா? எழுத்தில் தருவீர்களா?” என்று கேளுங்கள். நல்ல வணிகர் இக்கேள்வியால் வருந்தமாட்டார்.

வளைகுடாப் பகுதி தந்த பாடம்

2022 ஜூலை மாதம், கலிபோர்னியாவின் சான் மாடேயோவில் ஒரு நகைக் கண்காட்சி முடிந்தது. வணிகர்களின் நகைகளையும் கற்களையும் ஏற்றிக்கொண்டு பிரிங்க்ஸ் நிறுவனத்தின் சரக்குந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டது. ஜூலை 11ஆம் நாள் விடியுமுன், லாஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே லெபெக் என்னும் இடத்தின் சரக்குந்து நிறுத்தத்தில் அது கொள்ளையடிக்கப்பட்டது. 2025 ஜூனில் எழுவர் மீது கூட்டாட்சி வழக்கு பதிவாயிற்று.

கொள்ளையைவிட நாம் கவனிக்க வேண்டியது அதன் பின்னர் எழுந்த பூசல். இழந்தவற்றின் மதிப்பு ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் என்றனர் வணிகர்கள். ஆவணங்களில் அறிவிக்கப்பட்ட மதிப்பு ஒரு கோடி டாலருக்கும் குறைவு என்றது நிறுவனம். காப்பீட்டுச் செலவைக் குறைப்பதற்காகக் குறைத்து எழுதுவது அத்தொழிலில் பழக்கமாக இருந்தது. பாதுகாப்புக்கென்றே பெயர்பெற்ற நிறுவனத்தின் வண்டியில், தொழில் அறிந்த வணிகர்களுக்கே இந்நிலை என்றால், ஒரே ஒரு கல்லை வாங்கும் நம் நிலை என்ன? வண்டி எவ்வளவு வலியதாயினும், தாளில் எழுதிய தொகைக்கு மேல் அது நமக்காகப் பேசாது.

“விலையைக் குறைத்துப் போடுங்கள்”

இப்போது சுங்கத்திற்கு வருவோம். 2016 முதல், 800 டாலர் வரை மதிப்புள்ள சிறு பொதிகள் தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் வந்துகொண்டிருந்தன. பலருடைய குறைத்து எழுதும் பழக்கம் இந்த எல்லைக்குள் நுழைவதற்காகவே வளர்ந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அச்சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அக்குழப்பத்தில் இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பொதிகளை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15ஆம் நாள்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் திருமண நாள் குறித்துவிட்டுப் பொதிக்குக் காத்திருந்தோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வெட்டித் தீட்டி, நகையில் பதிக்கப்படாத மணிக்கற்களுக்கு அமெரிக்காவின் அடிப்படைச் சுங்கத் தீர்வை இல்லை. பதித்த நகைக்கு உண்டு. அதற்கு மேல், 2025 முதல் நாடுவாரியாக விதிக்கப்பட்ட கூடுதல் தீர்வைகள் அடிக்கடி மாறி வந்துள்ளன. எனவே பொருள் புறப்படும் நாளன்று நிலவும் விகிதத்தைக் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். தீர்வையை விற்பவரே செலுத்தி வீடுவரை சேர்ப்பாரா, அல்லது வாசலில் நாம் செலுத்த வேண்டுமா என்பதும் விலைப்பட்டியலிலேயே தெளிவாக இருத்தல் வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய கல் “அன்பளிப்பு” ஆகாது. இரண்டாயிரத்தை இருநூறு என்று எழுதுவது சிக்கனமும் ஆகாது. சுங்கச் சட்டத்தின்படி மோசடி என்று முடிவானால், பொருளின் உள்நாட்டு மதிப்பு முழுவதையும் எட்டும் அளவுக்குத் தண்டம் விதிக்க இடமுண்டு. பிடிபடாமல் போனாலும் இழப்பு நமக்கே. பொதி தொலைந்தால் இருநூறுக்கு மேல் கேட்க முடியாது. கேட்டால் முன்பு எழுதியது பொய் என்று நாமே ஒப்புக்கொண்டவராவோம். கண்ணகி தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்று அவையில் உடைத்துக் காட்டி வழக்கை வென்றாள். தன் பொருளைப் பற்றி அவள் சொன்ன சொல்லும் உள்ளிருந்த பொருளும் ஒன்றாக இருந்ததே அவளுடைய வலிமை. நாம் எழுதும் தாளும் உள்ளிருக்கும் கல்லும் வேறு வேறாக இருந்தால் எந்த அவையில் போய் நிற்பது?

கொடுத்தனுப்பும் வழக்கம்

“கூரியரே வேண்டாம், ஊரிலிருந்து அம்மா வருகிறார், கையில் கொடுத்துவிடலாம்” என்பது நம் சமூகத்தில் மிகவும் பரவலான தீர்வு. இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டுகிறேன். அமெரிக்காவில் வாழ்ந்து நாடு திரும்புவோருக்கு உள்ள பொதுவான தீர்வை விலக்கு 800 டாலர். ஆனால் பார்வையாளராக வரும் பெற்றோருக்கு அந்த விலக்கு இல்லை. அவர்கள் கொண்டுவரும் அன்பளிப்புகளுக்கு 100 டாலர் மட்டுமே. சொந்த உபயோகத்திற்கான நகைகள் வேறு, மகனுக்காக வாங்கிவரும் தளர் கல் வேறு.

இருபது மணிநேரப் பயணக் களைப்பில் நுவார்க்கிலோ டாலஸிலோ வந்திறங்கும் முதிய தாய், அதிகாரியின் கேள்விக்கு என்ன விடை சொல்வார்? “ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள் அம்மா” என்று தொலைபேசியில் நாமே சொல்லிக் கொடுக்கின்றோம். நம் சிக்கனத்திற்காக அவரைப் பொய் சொல்ல வைக்கின்றோம். முதலாண்டு மாணவர் ஒருவரிடம் “சின்னப் பொட்டலம்தான் தம்பி” என்று ஒப்படைப்பது இதனினும் கொடிது. மறுக்க இயலாத இடத்தில் அவர் இருக்கிறார். அவருடைய விசாவும் படிப்பும் நம் கல்லைவிட மதிப்பு மிக்கவை. நாமே பயணம் செய்யும்போது, பில்லையும் சான்றிதழையும் உடன்வைத்து, கேட்குமுன் அறிவித்து, உரிய தீர்வையைச் செலுத்திக் கொண்டுவருவது ஒரு நல்ல வழியே. இலங்கையில் வாங்கினால், தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையின் ஏற்றுமதி நடைமுறையை விற்பவர் நிறைவேற்றினாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த வழியைத் தெரிவது?

எனது பரிந்துரை இதுதான். இழந்தால் வருந்தாத சிறு விலைக் கல்லுக்குக் காப்பீட்டுடன் கூடிய அஞ்சல் போதும். சில நூறு டாலர்களிலிருந்து சில ஆயிரம் வரை, விற்பவரின் முழுக் காப்பீட்டின் கீழ், கையொப்பம் பெற்றே ஒப்படைக்கும் கூரியர் சேவையைத் தெரிவு செய்யுங்கள். அதற்கும் மேற்பட்டவற்றுக்கு, மணிக்கற்களுக்கென்றே இயங்கும் பாதுகாப்புப் போக்குவரத்து நிறுவனங்களை நாடுவதே முறை. அக்கட்டணம் மிகுதி என்று தோன்றினால், இங்கேயே உள்ள நம்பகமான நகைக்கடை வழியாக வரவழைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் இலாபம், வழியிலுள்ள இடரை அவர் ஏற்பதற்கான கூலியும்கூட.

எவ்வழியாயினும் சிலவற்றைக் கடைப்பிடியுங்கள்:

- கடன் அட்டையில் பணம் செலுத்துங்கள். பொருள் வந்து சேராவிடில், கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை சட்டப்படி உண்டு. வங்கி வழி நேரடிப் பரிமாற்றத்தில் அது இல்லை.
- பொதியின் வெளிப்புறத்தில் நகை, மணிக்கல் என்று விளம்பரம் வேண்டாம். சுங்கப் படிவத்திலோ உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும்.
- வீட்டு வாசலில் வைத்துவிட்டுச் செல்ல விடாதீர்கள். கூரியர் நிலையத்தில் நேரில் பெறும் வசதியைப் பயன்படுத்துங்கள்.
- பிரிக்குமுன் பொதியை எடைபோட்டு, பிரிப்பதை ஒளிப்பதிவு செய்யுங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதம் குறித்த முறையீடு 14 நாட்களுக்குள் எழுத்தில் சேர வேண்டும்.
- வந்து சேர்ந்த கல்லை வீட்டுக் காப்பீட்டில் தனியாகப் பதிவு செய்யுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடுகள் பலவற்றில் நகைத் திருட்டுக்கான வரம்பு 1,500 டாலரே.

இளையோரிடம் ஒரு வேண்டுகோள். இணையத்தில் உங்கள் பெற்றோரைவிட விரைவாக வாங்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அடுத்த முறை அப்பா “குறைத்துப் போடச் சொல்” என்றால், இக்கட்டுரையின் பெருக்கல் கணக்கை அவரிடம் காட்டுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் அந்தக் கல்லைப் பல ஆண்டுகள் அணிவார்கள். அது எப்படி வந்தது என்ற கதையையும் அவர்கள் உங்களிடமிருந்தே கேட்பார்கள். மறைக்க வேண்டியது எதுவும் இல்லாத கதையாக அது இருக்கட்டும்.