ஆயிரம் பொய்யும் மூன்று ஓலையும்

1982-ஆம் ஆண்டில் விசு எழுதி இயக்கிய 'மணல் கயிறு' திரைப்படத்தை அண்மையில் மீண்டும் கண்டோம். எஸ்.வி. சேகர் ஏற்ற கிட்டுமணி, தனக்கு வரும் பெண் எப்படி இருக்கவேண்டும் என்று எட்டு நிபந்தனைகளை அடுக்குகிறான். விசுவே நடித்த தரகர் நாரதர் நாயுடு, அத்தனையும் பொருந்திய பெண் இவள்தான் என்று சொல்லி மணத்தை முடித்துவைக்கிறார். தாலி ஏறிய பின் பொய்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. அன்று சிரித்த இடங்களில் இன்றும் சிரித்தோம். ஆனால், சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஒரு முள் தங்கிவிட்டது.

நிபந்தனை போட்டவனைப் பார்த்துச் சிரித்தது சரி. மனைவியைச் சந்தைப் பொருளாக எண்ணுகிறவன் நகைப்புக்கு உரியவனே. பொய் சொன்னவரை எதற்காகக் கைதட்டி வரவேற்றோம்? "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து" என்று நம்மவர் வழங்கும் பழமொழி நம் இரத்தத்திலேயே ஊறிவிட்டதல்லவா!

திரையில் வரும் பொய்கள் சிரிப்புக்கு உரியவை. நம் பங்குகளில் நடமாடும் பொய்கள் அத்தகையன அல்ல. மகனின் குடிப்பழக்கம் மறைக்கப்படுகிறது. மகளுக்கு அளிக்கப்பட்டுவரும் மனநோய் சிகிச்சை மறைக்கப்படுகிறது. கழுத்தளவு கடன் மறைக்கப்படுகிறது. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்களே ஆறுதல் சொல்கிறார்கள். சரியாகாதபோது, கண்ணீரோடு மறைமாவட்டத் தீர்ப்பாயத்தின் படியேறுகிறவர் யார்? பொய் சொன்ன தரகரா? வாழ்க்கையை இழந்த பிள்ளையன்றோ!

திரைப்படம் வெளிவந்த அடுத்த ஆண்டிலே, 1983-இல், புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு வெளியிடப்பட்டது. அதன் 1098-ஆம் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. சம்மதத்தைப் பெறுவதற்காகவே ஒருவரை வஞ்சித்து, இல்லற உறவைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை மறைத்திருந்தால், அந்தத் திருமணம் செல்லாது. சமையல் தெரியும் என்று சொன்ன பொய்யால் மணம் செல்லாததாகிவிடாது. வாழ்வையே புரட்டிப்போடும் உண்மையை மறைத்தால், பீடத்தின் முன் சொன்ன சம்மதமே மணலில் திரித்த கயிறாகிவிடுகிறது.

"நகைச்சுவைப் படத்திற்குச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிவருவது ஏன்?" என்று கேட்பவர் உண்டு. சிரிப்போடு நமக்குப் பகையில்லை. காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்தைப் பாருங்கள். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் உறையூருக்குச் சென்று, கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார். ரங்கநாயகித் தாயாரின் சன்னதிக் கதவு அடைபடுகிறது. சாக்குப்போக்குகள் எடுபடவில்லை. மட்டையடி நடக்கிறது. நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசிய பிறகே சேர்த்தி. பார்க்கும் மக்கள் மகிழ்ந்து சிரிக்கிறார்கள். ஆயினும் அங்கே கேள்வி கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பதில் சொல்லாமல் கதவு திறப்பதில்லை. நம் அயலார் விளையாட்டாகக் கொண்டாடும் இந்த நேர்மையை, நாம் வினையாகவேனும் கடைப்பிடிக்க வேண்டாமா?

கிட்டுமணியைப் பார்த்துச் சிரிக்கும் நாம் நம் வீட்டு நிபந்தனைகளையும் எண்ணிப் பார்ப்போம். நாளிதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்பதன் அருகிலேயே சாதிப் பெயர் நிற்கிறது. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம். பெண் கொடுக்கும்போது மட்டும் திருமுழுக்கு மறந்துபோகிறது. கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்றே என்று கலாத்தியருக்கு எழுதிய பவுலடியாரை, நிச்சயதார்த்தப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். இந்த நிபந்தனைக்கு முன் கிட்டுமணியின் எட்டும் எம்மாத்திரம்?

அந்தப் பழமொழியை, "ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி" என்றே கொள்ளவேண்டும் என்பார் உளர். அதுதான் மூலமோ அன்றோ, திருச்சபையின் வழக்கம் அதுவே. 1215-இன் இலாத்தரன் சங்கம் மண அறிவிப்பைப் பொதுவிதியாக்கியது. 1563-இல் திரிதெந்து சங்கம் மூன்று முறை அறிவிக்கப் பணித்தது. நம் கோவில்களில் ஓலை வாசிப்பது எதற்காக? தடை ஏதும் இருந்தால் உண்மை வெளிவரட்டும் என்பதற்காக. நாமோ அந்நேரத்தில் மணமக்களின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, வீட்டிற்குப் போய்க் குசுகுசுக்கிறோம்.

கானாவூர்க் கல்யாணத்திலும் குறை நேர்ந்தது. அன்னை மரியாள் அதை மூடிமறைக்கவில்லை. ஊரறியப் பறைசாற்றவும் இல்லை. அறியவேண்டியவரிடம் சொன்னார். புதுமை அங்கேதான் தொடங்கியது. பெண் பார்க்கச் செல்லும் பெற்றோரும், பேசி முடிக்கும் பெரியோரும் செய்யவேண்டியது இவ்வளவே. குறையைச் சொல்லுங்கள், அறியவேண்டியவரிடம், ஓலை வாசிப்பதற்கு முன்பே. அதனால் ஒரு சம்பந்தம் முறிந்தால் முறியட்டும். முறிந்த சம்பந்தத்தைவிட முறிந்த வாழ்க்கை கொடிது.