கடல்: இரண்டு கட்டம்

குறுக்கெழுத்துப் போட்டியில் 'கடல் (2)' என்று குறிப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆழி. மூன்று கட்டம் என்றால் பரவை. ஆறு காலியாக இருந்தால் சமுத்திரம். பல ஆண்டுகளாக இதே கேள்வி, இதே விடை. வாசகர் கை தானாக எழுதிவிடுகிறது. இதற்குப் புதிர் என்று பெயர்.

இத்தனைக்கும் கடற்கரைச் சொற்களைப்போல் குறும்புக்குத் தோதானவை தமிழில் குறைவு. ஆழிக்கு மோதிரம் என்றும் ஒரு பொருள் உண்டு. 'விரலில் மாட்டினால் அலையடிக்கும்' என்று கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடமாவது மண்டை காயும். பரவை, சுந்தரரின் மனைவி. ஓதம் கடலில் ஏறும், இறங்கும். வீட்டுச் சுவரில் ஏறினால் லேசில் இறங்காது. கோடி இன்னும் வசதி: 'நூறு லட்சம் இருந்தும் கடைசியில் நிற்பவர்.' கோடிக்கரையிலும், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியிலும் இருப்பது அந்தக் கடைசிதான். பணம் அல்ல.

கட்டம் போடுகிறவர்களின் சிரமமும் சாதாரணமானதல்ல. ஆங்கிலத்தில் மொத்தமே 26 எழுத்து. கடல் புகுந்து மூழ்கடித்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு 'ரியா' என்று பெயர். ஸ்பெயினிலிருந்து வந்த சொல். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் அது தலைகாட்டுவதற்குக் காரணம் நிலவியல் மோகம் அல்ல, மூன்று எழுத்தில் இரண்டு உயிரெழுத்து. தமிழிலோ புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம். அதில் எந்தச் சொல்லும் தொடங்காது. உப்பங்கழியை இடமிருந்து வலமாகப் போட்டுவிட்டால் ஆறு கட்டத்தில் ப், ங் இரண்டிலும் கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. கடைசி ழியும் கைவிரித்துவிடும். காயல் என்றால் தொல்லை குறைவு. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இருக்கும் அதே சொல்தான் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்திலும். ஒடிசாவின் சிலிகாவைக்கூட இந்த மூன்று கட்டத்தில் அடக்கிவிடலாம்.

சொல்லைக் கேட்பதில் இவ்வளவு தொல்லை என்பதால் பலர் பொது அறிவுக்குத் தாவிவிடுகிறார்கள். அதில் வேறு சிக்கல். கடல் யாரையும் கேட்காமல் விடையை மாற்றிவிடுகிறது.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டபோது அதில் எத்தனை தீவுகள்? இருபத்தொன்று. ஏழு கட்டம். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் சுற்றியிருந்த பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தது முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அலையைத் தடுத்து நின்றதே அந்தப் பாறைதான். பவளத்தை வெட்டுவது இன்று சட்டப்படி குற்றம். போன தீவுகளுக்கு அது தாமதம்.

நீருக்கு மேலே தெரியும் தீவுகள் எத்தனை என்று கேட்டால் இப்போது பத்தொன்பது. ஆறு கட்டம் போதும்.