இரண்டு விமான நிலையங்கள், ஒரே தண்ணீர்

லண்டனுக்குச் செல்பவர் ஹீத்ரோவில் இறங்குவதா, காட்விக்கில் இறங்குவதா என்று யோசிக்கிறார். டோக்கியோ செல்பவருக்கு ஹனேடா, நரிதா என இரண்டு உண்டு. மும்பைக்கு வருபவருக்கும் 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பை என்ற இரண்டாம் வாசல் திறந்திருக்கிறது. சென்னைக்கு வருபவருக்கு மட்டும் மீனம்பாக்கத்தை விட்டால் வேறு கதி இல்லை. கட்டணம் மலிவென்று பெங்களூரில் இறங்கிச் சாலை வழியாக வந்து சேர்பவர்களும் உண்டுதான். அதைத் தேர்வு என்பதைவிடச் சாமர்த்தியம் என்பதே பொருத்தம்.

பரந்தூர் வந்துவிட்டால் இக்குறை தீரும் என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் அது; 2025இல் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு, ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர் சற்றுப் பொறுக்க வேண்டும். செப்பேடு ஒன்று வரவிருக்கிறது.

இவ்விஷயத்தை மணிமங்கலத்தில் நின்று பார்ப்பது நல்லது என்பது நம் எண்ணம். தாம்பரத்துக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஊர். கிழக்கே மீனம்பாக்கம், மேற்கே பரந்தூர். எங்கே இறங்குவது என்று கேட்டால் மணிமங்கலத்துக்காரர் தயங்கமாட்டார். தாம்பரம் வழியாகப் பழைய இடத்துக்கே போவார். மயிலாப்பூர்க்காரரும் அதைத்தான் செய்வார். கனடாவின் மாண்ட்ரியல் நகரம் இதைப் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டது. உழவர்களிடமிருந்து ஏராளமான நிலத்தை எடுத்து, 1975இல் மிராபெல் விமான நிலையத்தைத் திறந்து, வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான் இறங்க வேண்டும் என்று விதித்தார்கள். பயணிகளின் மனமோ நகருக்கு அருகிலிருந்த டோர்வாலை விட்டு நகரவில்லை. 1997இல் விதி தளர்ந்தது. 2004இல் மிராபெலில் பயணிகள் சேவை நின்றது. பின்னர் முனையக் கட்டடத்தையே இடித்தார்கள். உழவர்களின் நெடிய எதிர்ப்புக்கு நடுவே 1978இல் திறக்கப்பட்ட நரிதாவின் கதை இவ்வளவு மோசமில்லை. ஆயினும் 2010இல் ஹனேடா மீண்டும் முறையான பன்னாட்டுச் சேவைக்குத் திறந்தபோது, பலர் அருகாமையையே விரும்பினர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்துபோகும் ஜப்பானியப் பொறியாளர்களைக் கேட்டாலே இதைச் சொல்வார்கள்.

ஆனால் வசதியும் தூரமும் மட்டுமே பிரச்சினை என்றால் நாம் இதை எழுத முனைந்திருக்கமாட்டோம்.

சென்னைக்கு ஒரே ஒருமுறை, சில நாட்களுக்கு, வேறொரு விமான நிலையம் வாய்த்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் மீனம்பாக்கம் வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டபோது, அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. மூழ்கடித்த நீர் எங்கிருந்து வந்தது? அடையாற்றின் தலைப்பில் ஆதனூர் ஏரியும் மணிமங்கலம் ஏரியும் இருக்கின்றன. அவற்றின் உபரி நீர் முடிச்சூரைக் கடந்து, செம்பரம்பாக்கத்தின் உபரியோடு கலந்து, மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுதளத்தை அடைகிறது. அந்த ஓடுதளம் ஆற்றின் மேல் பாலம்போல் கட்டப்பட்டது. மணிமங்கலத்து மதகில் வழிவது விமானத்தின் சக்கரத்துக்கடியில் ஓடுகிறது என்பது உவமை அன்று.

இனி பரந்தூர். திட்டப்பகுதியின் ஊடே செல்கிறது கம்பன் கால்வாய். கம்பவர்ம பல்லவன் காலத்தது என்று சொல்லப்படும் இக்கால்வாய், பாலாற்று நீரை வழியிலுள்ள ஏரிகளுக்கு ஊட்டி, ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கும் அங்கிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் சேர்க்கும் வழி. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு. ஆக, ஒன்று மூழ்கினால் மற்றொன்று கைகொடுக்கும் என்று சொல்லப்படும் இரண்டு நிலையங்களும் ஒரே நீரின் மேல்மடையிலும் கீழ்மடையிலும் அமர்கின்றன. மேல்மடையில் ஏரிகளைத் தூர்த்தால், அங்கே தேங்கியிருக்க வேண்டிய நீர் எந்தப் பக்கம் போகும்?

பல்லவர் இதை அறிந்திருந்தனர். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களங்களில் மணிமங்கலத்தையும் குறிக்கிறது. பாடநூல்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். அதே செப்பேடு பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவர வெட்டிய பெரும்பிடுகு என்ற காலையும் பேசுகிறது. போர் வெற்றிக்குக் கிடைத்த அதே தகட்டில் வாய்க்காலுக்கும் இடம் கிடைத்தது. ஏகனாபுரத்து மக்கள் மாலைதோறும் கூடிக் கோஷமிட்டதும், கிராமசபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றியதும் இந்த ஏரிகளுக்காகவும் வயல்களுக்காகவுமே. அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று எழுதும் நகரத்துப் பேனாக்கள், 2015இல் தம் வீட்டு மாடியில் நின்றதை எவ்வளவு விரைவில் மறந்துவிட்டன!

பயணிக்குத் தேர்வு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பரந்தூர் வந்தாலும் வராவிட்டாலும், மாண்ட்ரியலைப்போல் ஆணையிட்டு மீனம்பாக்கத்திலிருந்து பயணிகளை விரட்டக்கூடாது. அதற்கு முன்பு, இத்திட்டத்துக்காக நீர்நிலைகளை ஆராய அரசு அமைத்த குழுவின் அறிக்கை முழுவதும் தமிழில் வாசிக்கப்பட வேண்டும்: ஏகனாபுரத்துக் கிராமசபையிலும், கீழ்மடையில் இருப்பவர்கள் என்ற முறையில் முடிச்சூரிலும், அடையாற்றின் தலைப்பில் இருக்கும் மணிமங்கலத்திலும்.