இதற்கு மேல் எதைச் சுருக்குவது?

சூலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம். சமுதாயக் கூடத்தில் அறுபது எழுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. சிக்கனம் பற்றிப் பேச வந்தவர் பலகையில் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு 20 ரூபாய் மிச்சம் பிடித்தால் வருஷத்துக்கு 7,300. இருபது வருஷத்தில் 1,46,000. வட்டியும் சேர்ந்தால் பல லட்சம். "ரெண்டு டீயைக் குறைங்க, போதும்" என்றார்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். "ஏனுங்க சார், நான் குடிக்கறதே கம்பெனியில குடுக்கற டீதானுங்க. அந்த இருவது ரூவாய எதுல இருந்து எடுக்கறதுன்னு சொல்லிப் போடுங்க."

கூடமே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். பேச்சாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது கொங்கு மண்ணில் வீட்டுக்கு வீடு ஊறிப்போன நம்பிக்கை. சிக்கனமாக இருந்தால் எந்த வருமானத்திலும் மிச்சம் பிடிக்கலாம். மாசக் கடைசியில் கைநீட்டுகிற குடும்பம் செலவு பண்ணத் தெரியாத குடும்பம். அந்த வீட்டுப் பொம்பளைக்குக் கட்டுசெட்டு தெரியாது. கல்யாண மண்டபத்துப் பந்தியிலும் கேட்கிறோம், பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்கிறோம், முதலாளி வாயிலும் கேட்கிறோம். இது பொய் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். பொய்யாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். குறைந்த கூலிக்கும் கூடுதல் வாடகைக்கும் இதுதான் நிழல் கொடுத்து நிற்கிறது.

என் அம்மாவின் சிறுவாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை அப்பா காட்டுக்குப் போகட்டும் என்று காத்திருந்து, அம்மா கம்பு வைத்திருந்த டின்னைக் கவிழ்த்தாள். பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, மேலே தானியத்தைக் கொட்டி மறைத்து வைத்திருந்தாள். 1,000 ரூபாய் நோட்டு மூன்று. 500 ரூபாய் நோட்டு பதினொன்று. மொத்தம் 8,500 ரூபாய். பால் காசில் கொஞ்சம், முட்டை விற்றதில் கொஞ்சம், ஊருக்குப் போனால் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்ததில் கொஞ்சம் என ஆறு வருஷம் சேர்த்தது. நோட்டுகள் எல்லாவற்றிலும் கம்பு வாசம் அடித்தது.

அதை மறைக்க முடியாமல் போயிற்று. வங்கி வரிசையில் நிற்க ஆதார் நகல் வேண்டும், படிவம் வேண்டும், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கியே, அப்புறம் எதுக்கு வூட்டுச் செலவுக்குப் பத்தலீங்கற?" அடுத்த மாதத்திலிருந்து செலவுக்குக் கொடுத்த பணத்தில் ஐந்நூறு குறைந்தது.

அந்த ஒரு கேள்வியில்தான் இந்த நம்பிக்கையின் சூது முழுவதும் இருக்கிறது. மிச்சம் பிடித்தால், "கொடுத்தது அதிகம்" என்பார்கள். மிச்சம் பிடிக்காவிட்டால், "சிக்கனம் தெரியாது" என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கொடுப்பவன் கேள்வி கேட்கப்படுவதில்லை. அப்பா அம்மாவிடம் பேசிய அதே நியாயத்தை, இந்தச் சீமையில் கூலி கொடுப்பவர்கள் கூலி வாங்குபவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நூற்பாலைகளே சாட்சி. சுமங்கலித் திட்டம் என்ற பெயர் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் தெரியாதவர் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளை அழைத்து வந்து, மில் விடுதியில் தங்கவைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கினார்கள். மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 40,000, 50,000 என்று கொடுப்பதாகச் சொன்னார்கள். அது யார் பணம்? அந்தப் பிள்ளைகள் மாதாமாதம் வாங்கியிருக்க வேண்டிய கூலி. அதைப் பிடித்துவைத்துவிட்டு, சேமிப்பு என்று பெயர் சூட்டினார்கள். உடம்பு முடியாமல் இடையில் ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சேமிப்பு கைக்கு வரவே இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட 'கேப்சர்ட் பை காட்டன்' அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. அதற்கு முன்பே இங்கே எல்லோருக்கும் தெரியும். "கையில கொடுத்தா செலவு பண்ணிருவாங்க, நாங்க சேத்து வெச்சுக் குடுக்கறோம்" என்ற பேச்சு நம் காதுக்குத் தப்பாகப் படவில்லை. ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்பதை நாம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தோமே!

"எங்க அப்பாரு ஒரு வேட்டி, ஒரு துண்டோட இருந்தாரு, பழஞ்சோறு குடிச்சாரு, அப்படித்தான் இந்தச் சொத்து வந்துச்சு" என்று சொல்லும் பெரிய குடும்பங்கள் உண்டு. அப்பாரு சிக்கனமாக இருந்தது உண்மைதான். அவர் காட்டில் பண்ணையத்துக்கு இருந்தவரும் ஒரு வேட்டியோடுதான் இருந்தார், அதே பழஞ்சோற்றைத்தான் குடித்தார். அவர் பேரனுக்கு மில் வரவில்லை. இருவருக்கும் சிக்கனம் ஒன்றுதான். ஒருவருக்கு நிலமும் கிணறும் இருந்தன, கேட்டால் கடன் கொடுக்கப் பங்காளியும் மாமன் மச்சானும் இருந்தார்கள்.

சொத்து பெருகியதற்கு வேறு காரணங்களும் உண்டு. கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. மலிவாக மின்சாரம் கிடைத்த பிறகே மில்கள் வரிசையாக எழுந்தன, கிணறுகளில் மோட்டார் ஓடியது. 1950களில் கீழ்பவானி வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் கொண்டுவந்தது. அடுத்து பரம்பிக்குளம்-ஆழியாறு. இந்த மின்சாரமும் பாசனமும் பொதுப்பணத்தில் வந்தவை. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிகள் முதலாளிகளான கதையை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் நுணுக்கமாக ஆராய்ந்து, 'பிரட்டர்னல் கேப்பிடல்' என்ற நூலாக 2004இல் வெளியிட்டார். "உழைப்பால் உயர்ந்தோம்" என்று அவர்கள் சொன்னதை அவர் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் அந்த ஏணியில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஒரே சாதி ஆண்கள், உறவும் கடனும் கைகொடுத்தவர்கள் என்பதைக் காட்டினார். அதே மிஷினில் உட்கார்ந்து அதே அளவு உழைத்த பெண்களும் தலித்துகளும் ஏன் முதலாளி ஆகவில்லை என்ற கேள்விக்குச் சிக்கனம் பதில் சொல்லாது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். மாத பட்ஜெட் போடுங்கள் என்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர் போடலாம், போடத்தான் வேண்டும். அவரிடம் எனக்கு வழக்கில்லை. திருப்பூரிலும் சோமனூரிலும் பல்லடத்திலும் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். அதுவும் ஓடின ஷிப்டுக்கு மட்டும். இந்த வாரம் ஆறு ஷிப்ட், அடுத்த வாரம் நான்கு, ஆர்டர் இல்லையென்றால் இரண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூர்ப் பெண்களில் யாரும் அதை நோட்டில் முன்கூட்டி எழுதி வைத்திருக்க முடியாது. விசைத்தறிக்காரர்கள் 2022இல் ஒப்புக்கொண்ட கூலி உயர்வு முழுதாகக் கைக்கு வரவில்லை என்று சொல்லி, 2025 மார்ச்சில் தறியை நிறுத்தினார்கள். சோமனூரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். தறி ஓடாத வாரங்களில் அந்த வீடுகளில் எதைச் சுருக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

என்னிடம் தன் கணக்கு நோட்டைக் காட்டியவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். லைன் வீட்டில் குடியிருக்கிறார். பழைய பள்ளிக்கூட நோட்டு, பென்சில் எழுத்து. 'எண்ணெய் பாக்கெட் சின்னது', 'தக்காளி கால் கிலோ', 'சோப்பு பாதி' என்று வரி வரியாக இருக்கிறது. பாதி சோப்பு என்றால் என்ன என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் இவரும் சேர்ந்து ஒரு சோப்பு வாங்கி, நூலால் அறுத்துப் பாதி பாதி எடுத்துக்கொள்கிறார்களாம். இந்த நோட்டில் சிக்கனம் பற்றி யார் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்?

அதே நோட்டில் அவர் கைக்கு எட்டாத வரிகளும் இருக்கின்றன. சின்ன பாக்கெட்டில் வாங்குகிறபோது, லிட்டர் கணக்கில் வாங்குகிறவரைவிட எண்ணெய்க்கு அதிகம் கொடுக்கிறார். மொத்தமாக வாங்க ஒரே நேரத்தில் கையில் பணம் வேண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது அரசாணை. இவர் வீட்டில் இருப்பது வீட்டுக்காரர் வைத்த உள்மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு 10 ரூபாய். ஒரு குண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடும் வீடு இது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் வாங்கிய குழுக் கடனுக்கு வாரத் தவணை வேறு. கடன் வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து மிரட்டுவதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாடகை, கரண்டு, தவணை ஆகிய மூன்றையும் சுருக்கும் அதிகாரம் அந்தப் பென்சிலுக்குக் கிடையாது.

2023-24 தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு தலைக்கு மாதச் செலவு சராசரியாக 5,701 ரூபாய். நாளைக்கு 190 ரூபாய். தோட்டம் துரவு உள்ளவர்களையும் சேர்த்த சராசரி இது. ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857லேயே தொழிலாளர் குடும்பங்களின் கணக்கைப் பார்த்துச் சொன்னார்: வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டின் பங்கு கூடும். ஆகவே ஏழை வீட்டில் சிக்கனம் என்றால் வயிற்றில்தான் கை வைக்க முடியும். அது யார் வயிறு என்பதையும் சொல்லிவிடலாம். கடைசியாகச் சாப்பிடுகிறவள் வயிறு.

"எல்லாம் சரி, குடிச்சே அழிக்கறாங்களே?" என்று கேட்பார்கள். நிறைய வீடுகளில் அது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் குடிக்கிறவனிடம் யாரும் நோட்டைக் கேட்பதில்லை. அவன் கொடுத்த மீதிக்குத்தான் அவளிடம் கணக்குக் கேட்கிறோம். மாமன் சீர், வளைகாப்பு, காது குத்து என்று செலவை முடிவு செய்கிற இடத்திலும் அவள் இல்லை.

உண்மையில் அந்த நோட்டில் மிச்சம் விழுந்தது எப்போது? 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமானதாகத் தெரியவந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வந்தது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. நூறு சிக்கனச் சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு பஸ் டிக்கெட் செய்தது. சிக்கனம் பேசுகிற அதே வாய்கள்தான் இதை "ஓசி" என்று ஏசுகின்றன. பஸ்ஸில் ஏறும் பெண்ணை அந்தச் சொல்லால் குத்துகிறவர்கள், தங்கள் காட்டு மோட்டாருக்கு ஓடும் இலவச மின்சாரத்தை அப்படிச் சொல்வதில்லை.

சிக்கனம் கெட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை. என் அம்மாவின் பிள்ளை நான்; சாப்பிடும் தட்டில் ஒரு பருக்கை விட மாட்டேன். ஆனால் சிக்கனம் இருக்கிறவர் எடுத்துக்கொள்ளும் ஒழுக்கம். இல்லாதவர் மேல் சுமத்தும்போது அது குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குடியிருக்கிற பெண்ணுக்குச் சிக்கனம் சொல்வதை நிறுத்திவிட்டு, இந்த முறை கரண்டுக்கு மின்வாரியம் உங்களிடம் எவ்வளவு வாங்குகிறதோ, அதை மட்டும் அவரிடம் வாங்குங்கள்.