சென்னையில் ரூம் போடுவது எப்படி?

எங்கள் கீழப்பாவூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இப்போது இரண்டே வகை. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை, டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு லாட்ஜ் தேவையில்லை. இரண்டாம் வகையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற வருடம் என் மனைவிக்குக் கண் பரிசோதனை. காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் செல்போனிலேயே ஓட்டல் பதிவு செய்து, படமும் அனுப்பினான். வெள்ளை விரிப்பு, பளபளக்கும் குளியலறை, நாலரை நட்சத்திரம். "அப்பா, நீங்க கவலைப்படாம போங்க" என்றான்.

பொதிகையில் போய் எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஆறரைக்கெல்லாம் அந்த ஓட்டல் வாசலில் நின்றோம். வரவேற்பில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான். இப்பவே வேணும்னா அரை நாள் வாடகை தனி. ஆனா ரூம் எதுவும் காலி இல்லை."

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். போகிற வருகிறவர்கள் பார்க்க, அந்த வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, சேலை முந்தானையை மறைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டாள். பல் விளக்கியது கீழ்த்தளத்துப் பொதுக் கழிப்பறையில். குளிக்காமல், இரவெல்லாம் ரயிலில் கசங்கிய சேலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூடக் குளிக்காமல் வாசல் தாண்டாதவள். "இதுக்கு ஸ்டேஷன்லயே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. அன்று இரவே திரும்ப ரயில். ஆக, அந்த அறையில் நாங்கள் இருந்தது ஆறு மணி நேரம். கொடுத்தது ஒரு முழு நாள் வாடகை, அதன் மேல் ஜி.எஸ்.டி.

இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கு யாருக்காக? விமானத்தில் மதியம் வந்து, மறுநாள் காலை மீட்டிங் முடித்துப் போகிறவருக்குச் சரி. தெற்கேயிருந்து இரவு ரயிலில் ஏறி, விடிய வந்து இறங்கி, பகலில் வேலையை முடித்து, மறுபடி இரவு ரயில் ஏறுகிற நமக்கு இது அநியாயம். நமக்கு அறை தேவைப்படுவது காலை ஆறிலிருந்து இரவு ஏழு வரை. அதற்கு அவர்கள் கணக்குப்படி முதல் நாளுக்கும் சேர்த்து இரண்டு நாள் வாடகை கட்ட வேண்டும். பதின்மூன்று மணி நேரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரக் காசு!

முன்பு இப்படி இல்லை. எண்பதுகளில் ஆபீஸ் வேலையாகப் போகும்போது எழும்பூர் கென்னட் சந்தில்தான் தங்குவேன். மேனேஜர் நீளமான லெட்ஜரைத் திருப்பி வைப்பார். பெயர், ஊர், வந்த காரியம், வந்த நேரம். அந்த 'வந்த நேரம்' என்கிற கட்டம்தான் முக்கியம். ஆறு பத்துக்கு வந்தால் மறுநாள் ஆறு பத்து வரை அறை நம்முடையது. ஒரு நாள் வாடகை என்றால் ஒரு நாள். அதில் எந்தச் சூட்சுமமும் கிடையாது.

ஓட்டல்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் காலி செய்தால்தான் துப்புரவு ஆட்களை வைத்துச் சமாளிக்க முடியும் என்பார்கள். ஆட்கள் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பேனாவையும் லெட்ஜரையும் வைத்து ஒரு மனிதர் பார்த்த கணக்கை, இத்தனை கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பார்க்க முடியாதா? நிமிடத்துக்கு நிமிடம் வாடகையை ஏற்றி இறக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, வந்த நேரம் மட்டும் தெரியாமல் போகுமா?

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யோக்கியமாகாது. சாரல் சீசனில் குற்றாலத்தில் நாம் என்ன செய்கிறோம்? சனி, ஞாயிறு வந்தால் அதே அறைக்கு வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. சென்னையிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர்கள் விடியற்காலையில் லாட்ஜ் வாசலில் பையின் மேல் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரின் பெயரிலேயே சத்திரத்தை வைத்திருப்பவர்கள் நாம். வழிப்போக்கன் எந்த நேரத்தில் வந்தாலும் திண்ணையாவது கொடுத்த மண் இது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மா சத்திரமும், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரமும் எழுந்தது இந்த எண்ணத்தில்தான். தர்மத்துக்குக் கொடு என்று யாரையும் கேட்கவில்லை. வாங்குகிற காசுக்குக் கொடு என்றுதான் கேட்கிறேன்.

அரசாங்கம் வரி விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலையில் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள். வரியை இத்தனை முறை திருத்துகிறவர்கள், 'ஒரு நாள் வாடகைக்கு 24 மணி நேரம்' என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

அதுவரை நம்மைப் போன்றவர்கள் சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். படத்தையும் நட்சத்திரத்தையும் பார்க்காதீர்கள். லாட்ஜுக்கே நேரடியாகப் போன் போட்டு, "24 மணி நேரமா, 12 மணிக் கணக்கா?" என்று முதலில் கேளுங்கள். லிப்ட் உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா என்பது அடுத்த கேள்வி. உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் அந்த பி.என்.ஆரை வைத்து ரயில்வே ஓய்வறைக்கு முயற்சி செய்யலாம். பஸ்ஸில் போகிறவர்கள் இப்போது இறங்குவது கிளாம்பாக்கத்தில். எழும்பூர் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். மூன்று இடங்களுக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் பன்னிரண்டு மணி என்றார்கள். எழும்பூரில் ஒரு பழைய லாட்ஜில், "நீங்க வர்ற நேரத்துல இருந்து 24 மணி நேரம் ஐயா" என்றார்கள். ஏ.சி. இல்லை. சொல்லி வைத்துவிட்டேன்.

"அப்பா, அதுக்கு மூணு நட்சத்திரம்கூட இல்லையே" என்கிறான் மகன்.

நட்சத்திரம் போட்டவர் எத்தனை மணிக்கு வந்து இறங்கினாராம் என்று கேட்டேன். பதில் இல்லை.